முப்பது பக்கம் வரை

ரஞ்சனி கடையின் ஷட்டரை முக்கால்வாசி தூக்கும்போதே சுகப்பிரியா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, பத்தரை மணி. ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்களின் சத்தம் கொஞ்சம் அடங்கியிருக்கிற ஒரே நாள்.

"இன்னாமா, லீவு நாள்ல இம்மாம் சீக்கிரம்?"

சுகப்பிரியா உள்ளே வந்து நாவல்கள் இருந்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரஞ்சனி ஒன்பது வருடம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருந்தவள். அவள் வேலைபார்த்த உற்பத்தி லைனை மூடிய பிறகு, சேரப்பணஞ்சேரி வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இந்தப் புத்தகக் கடையைப் போட்டாள். அதிகம் போவது டிஎன்பிஎஸ்சி கைடும் நோட்டும்தான். ஆனால் வாசலைப் பார்த்த ஒரு தட்டு முழுக்கப் புது நாவல்கள். ஒவ்வொன்றின் மேலும் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு. 'சிரித்துவிட்டுத் தூங்கலாம்.' 'மாமியாரோடு சண்டையா? இதைப் படிங்க.' ஷிப்ட் விட்டு வருகிற பெண்கள் அட்டையைக்கூடப் பார்க்கமாட்டார்கள், சீட்டைப் படித்துத்தான் எடுப்பார்கள். அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று இரண்டு வருடத்தில் ஒரு பேர் வந்துவிட்டது. பேர் வந்ததும் புத்தகங்கள் நிறைய வர ஆரம்பித்தன. அவளால் அந்த வேகத்துக்குப் படிக்க முடியவில்லை. முதலில் பாதி படித்துவிட்டு எழுதினாள், பிறகு ஐம்பது பக்கம், அப்புறம் சிலவற்றுக்குப் பின்னட்டையே போதும் என்றாகிவிட்டது. கம்பெனியில் ஒரு பீஸைக்கூட அளந்து பார்க்காமல் ஓகே முத்திரை குத்தியதில்லை என்பது அவ்வப்போது நினைவுக்கு வரும். அடுத்த பார்சலைப் பிரிக்கையில் மறந்துபோகும்.

"போன வாரம் ஒரு புக்கு குடுத்தியள்லாக்கா, நீல அட்டை. உலகம்மாளுக்குன்னு கேட்டு வாங்குனேன்."

ரஞ்சனிக்கு நினைவிருந்தது. உலகம்மாளும் சுகப்பிரியாவும் சுரண்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஒரே லைனில் வேலை, ஒரே அறையில் வாடகை. உலகம்மாளின் தம்பி இசக்கிபாண்டி சித்திரையில் கிணற்றில் குளிக்கப்போய் மூழ்கிவிட்டான். காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குத் திரும்பியவள் அழவும் இல்லை, யாரோடும் சரியாகப் பேசவும் இல்லை. அவளுக்கு மனசு லேசாகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றுதான் சுகப்பிரியா கேட்டிருந்தாள். ரஞ்சனி யோசிக்கவேயில்லை. 'வெயிலில் வந்தவருக்கு ஒரு சொம்பு மோர்' என்று தான் சீட்டு எழுதி வைத்திருந்த நாவலை எடுத்துக் கொடுத்தாள்.

"ஏன், புடிக்கலையா அதுக்கு?"

"நீங்க அதப் படிச்சியளாக்கா?"

படித்தேன் என்று சொல்லிவிடலாம். சுகப்பிரியா நம்பவும் செய்வாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. அதனாலேயே பொய் வரவில்லை.

"முப்பது பக்கம் வரைக்கும் படிச்சேன்."

"நூத்திப் பன்னெண்டாவது பக்கத்துல தம்பிக்காரன் ஏரில முங்கிச் செத்துப்போறான்."

ரஞ்சனி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு நாளா வேலைக்கு வரல. சுவத்தப் பாத்துப் படுத்துருக்கா. சோறு எறங்கல. படிக்காத புக்குக்கு ஏங்க்கா எழுதி வச்சிய?"

ரஞ்சனி ஷட்டரை இறக்கிப் பூட்டினாள்.

அவர்கள் அறைக்குப் பத்து நிமிட நடை. வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை அது. உள்ளே வெக்கை. உலகம்மாள் பாயில் படுத்திருந்தாள், தலைமாட்டில் அந்தப் புத்தகம். ஆள் வந்ததைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் ரஞ்சனிக்கு மறந்துவிட்டது.

"தப்பு என் மேலதாம்மா. படிக்காமயே குடுத்துட்டேன். குடு, எடுத்துகினு போயிடறேன்."

உலகம்மாள் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தர மாட்டேன்."

குரல் கரகரத்தது. அந்தக் குரலைக் கேட்டு சுகப்பிரியா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"இதுல அவன் செத்தப்புறமும் அவன் அம்மை அவனுக்குச் சேத்துத் தட்டு வைக்கா. எங்கம்மை எந்தம்பி பேரையே எடுக்க மாட்டுக்கா. போன் போட்டா, அங்க மழை உண்டான்னு கேக்கா." மூச்சு வாங்கினாள். "பெறகு அந்தப் பொம்பள தனியா ஏரிக்கரைக்கு நடந்து போறா. அதுக்கு மேல என்னால பொரட்ட முடியல."

ரஞ்சனி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொம்பள என்ன ஆனான்னு எனக்குத் தெரியணும்க்கா. உசுரோட இருக்காள்னா நான் படிப்பேன். நீங்க முன்னால படிங்க."

"வூட்டுக்கு எடுத்துகினு போயி முழுசாப் படிச்சிட்டு..."

"இங்கனயே படிங்க."

நூற்றி முப்பத்தோராவது பக்கத்தை விரித்து நீட்டினாள். சுகப்பிரியா மின்விசிறியை ரஞ்சனி பக்கம் திருப்பி வைத்தாள். கீழே தெருவில் தண்ணீர் கேன் வண்டி வந்து நின்று, ஹாரன் அடித்து, போனது.

கரையில் அந்த அம்மா செருப்பைக் கழற்றினாள். ரஞ்சனி வரி விடாமல் படித்தாள், ஒரு வரியை இரண்டு தடவைகூட. கழுத்தில் வியர்வை இறங்கியது, துடைக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினாள். முழங்கால் அளவு தண்ணீர். முகத்தில் எதுவும் தெரிந்துவிடக் கூடாதே என்று ரஞ்சனி உதட்டை அழுத்திக்கொண்டு நிமிர்ந்தாள்.

உலகம்மாள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல், ரஞ்சனியின் முகத்தையே படித்துக்கொண்டிருந்தாள்.