சாம்பல் தளம்

"தளம் போட்ட அன்னைக்கு நீங்க கறிச்சோறு பரிமாறப் போனீங்கல்லா டீச்சர், அப்பந்தான் சிமெண்டு மூடயெல்லாம் வந்து எறங்குச்சு. கான்ட்ராக்டர் அதயும் சேத்துக் கலக்கச் சொல்லிட்டாவ" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, தரை கழுவிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போனாள் சித்தாள் சந்தனமாரி. திறப்பு விழாவுக்காகப் புது மண்டபத்தின் நடுவில் பூத்தட்டோடு நின்ற ஜெயசெல்விக்குக் காது அடைத்துப்போனது.

தூத்துக்குடி கல்லூரியில் வருஷக்கணக்காக அவள் கட்டி அழுத கலவை அது. சிமெண்டு சூளைகள் கக்குகிற கரிப்புகை கொஞ்சமா நஞ்சமா? அதனால் சிமெண்டில் பெரும்பங்கைக் குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்த்தாள். மெதுவாகத்தான் இறுகும்; தளத்தைத் தாங்கும் முட்டுகளை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. யாரும் சீந்தவில்லை. கான்ட்ராக்டரான அண்ணன் கிங்ஸ்டன் மட்டும்தான், "எந் தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று திருச்சபைக் கமிட்டியில் எழுந்து நின்றான். நாசரேத்தில் கட்டிய இந்தச் சபை மண்டபத்தின் மேல்தளத்தில் அதைப் போடும் வாய்ப்பு அப்படித்தான் கிடைத்தது. அன்று அவள் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

தளம் போடுகிற நாளில் வேலையாட்களுக்குக் கறிச்சோறு போடுவது வழக்கம். "ஏளா, நீயே ஒங்கையால பரிமாறு, அதாம் மரியாத" என்று அவளைப் பந்திக்கு அனுப்பியவனும் அவன்தான். இந்தப் பைத்தியக்காரியும் ஆள் ஆளாகப் பார்த்து நல்ல துண்டாகப் போட்டுக்கொண்டிருந்தாள்! முட்டுகளைச் சீக்கிரமே பிரித்தும் தளம் அசையாமல் நின்றபோது, எல்லாம் தன் கலவையின் மகிமை என்று கருத்தரங்கில் போய்ப் பெருமையடித்துவிட்டும் வந்தாள்.

வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்த அண்ணனிடம் நேரே போய்க் கேட்டாள். அவன் மறைக்கவில்லை.

"ஆமா, சிமெண்டக் கூடப் போட்டேன். அசனப் பண்டிகைக்குச் சபையே இங்கதான சாப்பிட உக்காரும், அதுக்குள்ள முடிக்காண்டாமா? எதும் ஆச்சுன்னா ஒம் பேருதான கெடும். ஒன்னயக் காப்பாத்தத்தாம்ளா செஞ்சேன்."

"அப்பம் நீ ஒருநாளும் என்னய நம்பலயா, அண்ணே?"

"ஊரே கூடியிருக்கு. மொகத்தத் தொடச்சிட்டு வா" என்றான்.

ஜெபம் முடிந்ததும், சாம்பலில் தளம் கண்ட சபையின் மகள் இரண்டு வார்த்தை பேசுவாள் என்று குருவானவர் அழைத்தார். அவளுடைய மாணவர்கள் கடைசி வரிசையில் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். முந்நூறு முகங்களும் அண்ணாந்து தளத்தைப் பார்த்தன.

மைக்கில் முதலில் அவள் மூச்சுதான் கேட்டது. முன்வரிசையில் கைதட்ட ஆரம்பித்த கிங்ஸ்டன், மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தான்.