வெட்டாத ரிப்பன்

சிவப்பு ரிப்பன் வாசலின் குறுக்கே இழுத்துக் கட்டியிருக்கிறது, நடுவில் பூப்போல ஒரு முடிச்சு, பக்கத்தில் தட்டில் கத்தரிக்கோல், நாங்கள் எல்லோரும் ஒரே நிறச் சேலையில் நிற்கிறோம், என் இடுப்பில் மோனிஷா, அப்போது அவளுக்கு ஒன்றரை வயது இருக்கும், வெயில் ஏறுகிறது, வருகிறார் வருகிறார் என்கிறார்கள், கண்ணை மூடினால் ரிப்பன் வெட்ட வரவேண்டிய அந்த அதிகாரியின் கார் இப்போதும் எங்கள் பிளாக்கை நோக்கி வந்துகொண்டுதான் இருக்கிறது, கனவில் ஒரு நாள் வந்தேவிட்டார், முகம் இல்லை, கத்தரிக்கோலை எடுத்து வெட்டினார், வெட்டிக்கொண்டே இருந்தார், ரிப்பன் அறுபடவே இல்லை, நான் சிரித்துக்கொண்டே விழித்தேன், அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

அந்த வாசல் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தினுடையது, எங்களுடையது. ஆற்றோரத்தில் எங்கள் குடிசைகளை இடித்து, ஊருக்கு வெளியே இந்த எட்டு மாடிக் கட்டடத்தில் கொண்டுவந்து போட்டார்கள், வேலை மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது, இருட்டோடு பஸ் பிடித்தால்தான் பாத்திரம் தேய்க்கும் வீடுகளுக்கு நேரத்துக்குப் போக முடியும், பெயிண்ட் அடிக்க வெளியூர் போன மோனிஷாவின் அப்பா போனவர் போனவர்தான், இந்த நேரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் பெண்களுக்குச் சமூகத் தொழில்முனைவோர் பயிற்சி என்று கூப்பிட்டது, மதியச் சாப்பாடு உண்டு என்பதால் போனேன், பொய் சொல்வானேன். பயிற்சி கொடுத்த ஹேமலதா மேடம் சார்ட் பேப்பரில் ஒரு மரம் வரைந்து, உங்க பகுதியோட பெரிய பிரச்சினை எதுவோ அதுலேருந்துதான் உங்க தொழில் பொறக்கணும், சொல்லுங்க என்கிறார், ஒருத்தி கொசு என்கிறாள், ஒருத்தி ஓடாத லிஃப்ட் என்கிறாள், எங்கள் பக்கத்து வீட்டு லூர்தக்கா எழுந்து, புள்ளைங்கள கட்டிப் போட்டுட்டு வேலைக்குப் போறோம் மேடம், தோ இவளும் கட்டில் கால்ல கட்டிட்டுத்தான் போறா என்று என்னைக் கைகாட்டிவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது, ஆனால் உண்மைதானே, பழைய சேலையைக் கிழித்து இடுப்பில் ஒரு முடிச்சு, பால்கனிக் கம்பியை எட்டாத நீளம், கையெட்டும் இடத்தில் பன்னும் தண்ணீரும், அவள் கத்துவது கீழ்ப்படி வரைக்கும் கேட்கும், அதற்கப்புறம் கேட்காது, அதனால் வேகமாக இறங்குவேன். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார், இவங்களுக்கு ஒரு கிளாப் குடுங்க என்றார், எல்லோரும் தட்டினார்கள், அவமானத்துக்கும் கை தட்டுவார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஆனாலும் நம்பினேன், அதுதான் இப்போது வயிற்றெரிச்சல். நானும் லூர்தக்காவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, வேலைக்குப் போகும் தாய்மார் ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பது, அதுவே எங்கள் சம்பளம், பஸ் வேண்டாம், பாத்திரம் வேண்டாம், மோனிஷா என் கண்ணெதிரே ஓடியாடி வளர்வாள். மைக் பிடித்துப் பேசக் கற்றுக்கொண்டேன், தரைத்தளத்தில் எங்களுக்கு விட்ட அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன், சுவரில் நான் வரைந்த கிளி கோழி மாதிரி இருந்தது, லூர்தக்கா பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, மாமா வந்து ரிப்பன வெட்டுவாரு, வெட்டுனதும் எல்லாரும் இன்னா பண்ணணும் என்று கேட்டுக் கேட்டுக் கைதட்டப் பழக்கினாள், கடைசியில் ரிப்பன் காற்றில் ஆடினாலே மோனிஷா தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அவர் வரவில்லை. மீட்டிங் என்றார்கள், பிறகு தேர்தல் என்றார்கள், பிறகு அவரையே மாற்றிவிட்டார்கள், புதிதாக வந்தவருக்குத் தேதி இல்லை, திறப்பு விழா போட்டோ இல்லாம நடத்தக் கூடாதும்மா, ரிப்போர்ட்டுக்கு அதான் முக்கியம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள், பெருக்கித் துடைக்கக்கூட அந்த ரிப்பனுக்குக் கீழே குனிந்துதான் போவோம், அத அவுத்தா இன்னாக்கா ஆவும் என்றேன், சாவியப் புடுங்கினு போய்டுவாங்கடி என்றாள் லூர்தக்கா. அவளுக்கே பிறகு பொறுக்கவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும், நாம பாட்டுக்கு நடத்துவோம் என்றாள், பிள்ளைகளைக் கூட்டிவந்தோம், எங்களைப் போல் அவர்கள் குனிய வேண்டியிருக்கவில்லை, நேராகவே உள்ளே ஓடினார்கள், ஒரு வாரம், என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் அந்த ஒரு வாரம்தான், மோனிஷா கோழிக்கிளிக்குச் சோறு ஊட்டுகிறாள், அந்தச் சோறு இன்னும் சுவரில் காயாமல் இருக்கிற மாதிரியே இருக்கிறது. யாரோ ஆபீசில் சொல்லிவிட்டார்கள், அனுமதி இல்லாமல் பிள்ளைகளை வைத்திருக்கிறோம் என்று சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள், மழை வந்தது, ஹேமலதா மேடம் போனில், ப்ராஜெக்ட் முடிஞ்சிடுச்சும்மா, ஆனா நீங்க கத்துக்கிட்டது எங்கேயும் போகாது என்றார்.

இப்போது அந்த அறையில் யாரோ தண்ணீர் கேன் அடுக்கி வைத்திருக்கிறார்கள், லூர்தக்கா ஏதோ ஒரு மாலில் தரை துடைக்கிறாள், கேன் இறக்கியவர்கள் பிய்த்துப் போட்ட ரிப்பன் நடைபாதையில் மிதிபட்டுக் கிடந்தது, எடுத்துவந்து சோப்புப் போட்டு அலசினேன், நிறம் கொஞ்சம் போயிருந்தாலும் வழவழப்பு போகவில்லை. சேலைக் கிழிசல் மோனிஷாவின் இடுப்பில் சிவக்கச் சிவக்கத் தடம் போட்டிருக்கிறது, இது அவ்வளவு அறுக்காது.

பஸ்ஸுக்கு நேரமாகிறது, பன்னை வைத்தாயிற்று, தண்ணீரை வைத்தாயிற்று, கட்டில் காலில் ஒரு முனையைக் கட்டிவிட்டு மறு முனையோடு திரும்புகிறேன், தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் கையிலிருக்கும் சிவப்பைப் பார்க்கிறாள், முகம் மலர்கிறது, நான் இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போடப் போட, மோனிஷா கை தட்டுகிறாள்.