மாமா மாட்டிய முள்

மாமா படகு வாங்கிய மறுவாரமே பழைய அளவுமானிகளைக் கழற்றிவிட்டுப் புதிதாக இரண்டு மாட்டினார். டீசல் டேங்குக்கு ஒன்று, தண்ணீர் டேங்குக்கு ஒன்று. எலக்ட்ரீஷியன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வயர்களை அவரே இணைத்து, எது எது என்று அவரே எழுதி ஒட்டினார்.

"கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ டேங்குக்குள்ள குச்சி விட்டு அளவு பாத்துக்குங்க சார்" என்றார் படகுத்துறை மெக்கானிக்.

மாமா சிரித்தார். குச்சி விட்டுப் பார்ப்பது படிக்காதவர்கள் வேலை.

இரண்டு டேங்கையும் நிரப்பிக்கொண்டு மாமா, அத்தை, நான் என்று மூன்று பேரும் கிளம்பினோம். நான்கு நாள் பயணம். போய்ச் சேருவது அத்தையின் அக்கா வீடு. அந்த அக்கா வாசலிலேயே நிறுத்தி, தலை முதல் கால்வரை பார்த்து, "என்னடி இப்படி ஆயிட்ட?" என்று கேட்கிறவர். அதற்காகவே அத்தை புது ஷாம்பு வாங்கி வைத்திருந்தார்.

முதல் நாள் மாலையே தண்ணீர் அளவுமானியின் முள் கால்வாசி இறங்கியிருந்தது.

"பாத்திரம் கழுவுனியா, படகையே கழுவுனியா?" என்று அத்தையிடம் கேட்டார் மாமா.

"மூணு தட்டுங்க."

"அப்ப முள்ளு பொய் சொல்லுதா?"

மறுநாள் ஏழு மணி நேரம் ஓடினோம். முள் பாதிக்கு வந்தது. ஆளுக்கு இரண்டு மக் தண்ணீர் என்று சட்டம் போட்ட மாமா, ஷவர் தலையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அத்தையின் தலைமுடி உப்புக் காற்றில் கயிறாகிக்கொண்டிருந்தது.

டீசல் முள் மட்டும் ஒரு நூல்தான் இறங்கியிருந்தது.

"எஞ்சின் டீசல் குடிக்குதா பாரு? ஓட்டுற கை அப்படி" என்றார் மாமா.

நான் படித்தது இயற்பியல். மூன்றாம் நாள் மதியம் எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டிருந்தபோது, சமையலறைக் குழாயைப் பத்து நிமிடம் திறந்துவிட்டேன். தண்ணீர் முள் அசையவில்லை. டீசல் முள் இறங்கியது.

"மாமா, ரெண்டு வயரும் மாறியிருக்கும்னு நினைக்கிறேன்."

"அப்ப உங்க அத்தை டீசல்லதான் காபி போட்டாளா?" என்றவர், சட்டென்று குரலை உயர்த்தினார். "பத்து நிமிஷமா தொறந்து விட்ட? பி.எஸ்சி.ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

சத்தம்போட்டுச் சொல்ல எனக்கு வராது. தாளால் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தை மட்டும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அன்று மாலை, படகுகளுக்கு டீசல் விற்கும் ஒரு மிதவையைக் கடந்தோம். "அங்க டீசல் மட்டும்தான் கெடைக்கும், நமக்கு எதுக்கு?" என்று மாமா மிதவைக்காரருக்குக் கையசைத்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள் காலை, அக்கா வீட்டுக்கு ஒரு மணி நேரம் இருக்கையில், எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. மாமா ஃபில்டரைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். படகு விற்றவனைத் திட்டினார். "டேங்க் நிறைய டீசல் இருக்கு, எஞ்சின்தான் ஏமாத்துது" என்று போனில் கத்தி, இழுத்துப்போக வேறொரு படகை வரச் சொன்னார்.

அத்தை தண்ணீர் முள்ளைப் பார்த்தார். பூஜ்யம். குழாயைத் திறந்து பார்த்தார். கொட்டியது. மூடிவிட்டு மாமாவிடம் வந்தார்.

"அதக் குடுங்க."

"எத?"

மாமாவின் இரண்டு கையிலும் கிரீஸ். அத்தை அவர் சட்டைப் பையில் கைவிட்டு ஷவர் தலையை எடுத்தார். ஷாம்புவோடு குளியலறைக்குள் போனார்.

"முள்ளு பூஜ்யத்துல நிக்குதுடி! எத வச்சுக் குளிக்கப் போற?"

தாழ்ப்பாள் விழுந்தது. சற்றுப் பொறுத்து ஷவர் சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை.

மாமா அளவுமானியின் முன்னால் போய் நின்றார். அவர் கண்ணெதிரே டீசல் முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, டேங்க் ஒழுகுது! அத்தனை டீசலும் போகுது!"

தரைப் பலகையைப் பெயர்த்து, தலைகீழாகக் குனிந்து, டார்ச் அடித்து ஓட்டையைத் தேட ஆரம்பித்தார். என்னையும் தேடச் சொன்னார். நான் ஒரு தடவை சொல்லியாகிவிட்டது.

உள்ளேயிருந்து, ஷவர் சத்தத்துக்கு மேலே, அத்தையின் குரல் வந்தது.

"பதறாதீங்க. உங்க டீசல் நல்லாவே நுரைக்குது."