லக்சிகாவின் கயிறு

லக்சிகாவின் குரல்பதிவு வந்தபோது தவரத்தினம் பாரிசில், லா சப்பலில் தன் கடைவாசலில் நின்று முருங்கைக்காய்ப் பெட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தார். மகள் மொறோக்கோவில் இருக்கிறாள். பாலைவனத்துப் பாறையொன்றில் பத்துப் பேருக்கு ஏறப் பழக்குகிறாள். முதன்முதலாய்க் கயிற்றைத் தொடுகிறவர்களும் அவர்களில் உண்டு, பல்லிபோல ஒட்டி ஏறுகிறவர்களும் உண்டு.

"அப்பா, காலமை புது ஆக்களுக்குச் சின்னப் பாறை. மத்தியானம் எனக்கும் என்னோடை பழக்கிற கெவினுக்கும் பெரிசு, சரியா முப்பது மீட்டர். ஏற முப்பது, இறக்க முப்பது. என்ரை புதுக் கயிறு அறுபது, அளவெடுத்த மாதிரிக் காணும். அம்மாட்டைச் சொல்லாதைங்கோ, பயப்பிடுவா."

சிரித்துக்கொண்டே கேட்டவர் பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டார். அந்தக் கயிறு அறுபது மீட்டர் இல்லை.

சில மாதத்துக்கு முன், கோயில் தேரன்று கடைக்கு முன்னால் தண்ணீர்ப்பந்தல் போட்டிருந்தார். காற்று பந்தலுக்குக் கூரையாய் விரித்த படங்கைத் தூக்கியடித்தது. தேர் சந்தியில் திரும்பிவிட்டது, இழுத்துக் கட்டக் கயிறில்லை. பின்னறையில் மகளின் பை கிடந்தது, உள்ளே அந்தப் புதுக் கயிறு. இவ்வளவு நீளத்தில் ஒரு துண்டு போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று எட்டு மீட்டரை வெட்டி எடுத்தார். அதோடு விட்டாரா மனிதர்? மகள் ஏசுவாளே என்று வெட்டிய நுனியை லைட்டரால் உருக்கி, உருட்டி, கடையில் வாங்கியபடியே ஆக்கிவைத்தார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு மாதம் போனது. பிறகு மறந்தே போனார்.

மகளின் போனுக்கு அடித்தார். எடுபடவில்லை. மறுபடி அடித்தார். 'ஏறாதை, கயிறு கட்டை, அறுபது இல்லை' என்று எழுதி அனுப்பினார். அது போய்ச் சேரவில்லை. தங்குவிடுதிக்கு அடித்தபோது ஒருவன் எடுத்து, பாறையடியில் சிக்னல் இல்லை, பொழுதுபட வருவார்கள் என்று ஆறுதலாகச் சொன்னான். பதினேழு வருடமாய்ப் பேசிய பிரெஞ்சு அந்த நேரம் பார்த்து வாயில் வரவில்லை. "கயிறு கட்டை! மெசியே, கயிறு கட்டை!" என்றுதான் கத்த முடிந்தது. கடைசியில் ஏதோ ஆபத்து என்று மட்டும் அவனுக்கு விளங்கியது. சிக்னல் தேவையில்லாத சட்டலைட் போனோடு மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்புவதாகச் சொன்னான்.

கல்லாவில் இருந்த மனைவி சாரதாதேவி எழும்பி ஓடிவந்தா. "என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?"

சொன்னார். அவ தலையில் அடித்துக்கொண்டா.

"பாவி மனிசா! பக்கத்துக் கடையிலை கயிறு கேட்டிருக்கலாமே! பிள்ளையின்ரை உயிரிலையோ கை வைக்கிறது?"

கடைக்குள் சனம் வந்தது, வெங்காயம் கேட்டது, போனது. இருவருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளையை விட்டுவிடு, என்னை எடு என்று தவரத்தினம் தனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களிடமும் மன்றாடினார்.

மூன்றரைக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் அடித்தது. சாரதாதேவி ஸ்பீக்கரில் போட்டா.

"அப்பா..."

லக்சிகாவின் குரல்! "என்ரை குஞ்சு!" என்று தவரத்தினம் அரிசி மூட்டையில் அப்படியே இருந்துவிட்டார். உயிரோடு இருக்கிறாள், அது போதும். அந்த ஒரு நிமிடம் அவரைப்போல அதிர்ஷ்டசாலி உலகத்தில் இல்லை.

"அப்பா, விடுதி ஆள் போனோடை வர முதலே கெவின் விழுந்திட்டான். மேலை ஏறினவனை நான்தான் கீழை நிண்டு கயிறு விட்டு இறக்கினனான். நிலத்துக்கு இன்னும் எட்டு மீட்டர் இருக்கேக்கை கயிறு முடிஞ்சு என்ரை கையாலை கழண்டு போட்டுது. கண் திறக்கிறானில்லை அப்பா. ஹெலிகொப்டர் வருதாம்."

தவரத்தினம் மூட்டையிலிருந்து எழும்பினார்.

"நுனியிலை ஒரு முடிச்சுப் போட்டிருந்தா நிண்டிருக்கும். எல்லாருக்கும் அதைத்தான் முதல் சொல்லிக் குடுக்கிறனான். புதுக் கயிறுதானே, அறுபதுதானே எண்டு நான் போடேல்லை. ஆனா முப்பதும் முப்பதும் அறுபதுதானே அப்பா? நான் என்னத்தைப் பிழையா எண்ணினனான்? அவனை நான்தான் விழுத்தினனான்."

சாரதாதேவி கணவரின் கையைப் பிடித்தா. வேண்டாம் என்று தலையாட்டினா. சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியவராது, நுனிதான் அவ்வளவு வடிவாய் இருக்கிறதே. சொன்னால் இந்தப் பிள்ளை இனி இந்த வாசலை மிதிப்பாளோ? அவருக்கு இருப்பது இவள் ஒருத்திதான்.

"நீ பிழையா எண்ணேல்லை, பிள்ளை," என்றார். "நான்தான் வெட்டினனான். தேருக்குப் பந்தல் கட்ட. எட்டு மீட்டர்."

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. யாரோ பிரெஞ்சில் கெவினின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நுனி உருக்கி இருந்ததே அப்பா," என்றாள் லக்சிகா மெதுவாக. "நான் தொட்டுப் பாத்தனான்."

"ஓம்," என்றார் தவரத்தினம். "உனக்குத் தெரியக்கூடாதெண்டுதான்."