கப்டனுக்கு ஒரு போர்வை

நிரோஜினிக்கு நாய் என்றாலே அரியண்டம். வாயால் வழிகிற வீணி, மயிர், உண்ணி, அந்த ஈரச்சாக்கு மணம் ஒன்றும் அவளுக்கு ஒத்துவராது. லிங்கநகரில் அவளுடைய குசினியில் கழுவாத கரண்டி ஒன்று அரை மணித்தியாலம் கிடந்ததென்று ஒருத்தரும் சொல்லேலாது. அப்படிப்பட்டவளின் வீட்டுக்குத்தான் புருசன் சோமசேகரம், துறைமுகத்தில் சீமெந்துக் கிட்டங்கிக்குப் பின்னால் நனைந்துகொண்டு கிடந்த குட்டி ஒன்றைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். பைக்குள் சாப்பாட்டுப் பெட்டியும் இருந்தது. அந்தப் பெட்டியை அவள் அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டாள்.

"கப்டன் எண்டு பேர் வைச்சிருக்கிறன்" என்றார் சோமசேகரம்.

"பேர் வைக்க முதல் சவுக்காரம் போடுங்கோ."

கப்டனுக்குப் பல் முளைக்கிற வயது. கதிரைக்கால், செருப்பு, ஃபான் வயர் என்று கண்டதையெல்லாம் கடித்தது. கடித்த இடமெல்லாம் கொழகொழவென்று வீணி. ஒரு நாள் காலமை வெறுங்காலோடு அதை மிதித்துப்போட்டு, மத்தியானம் வரைக்கும் சோறு தின்னாமல் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள் நிரோஜினி. அதற்குள் கார்த்திகை மழையும் பிடித்துக்கொண்டது. வெறும் சீமெந்தில் கிடந்து குட்டி நடுங்கியது. சோமசேகரம் தன் துவாயை விரித்துவிட்டார், இரண்டு நாளில் அது தும்பு. பெற்ஷீற்றைப் போட்டார், அதுவும் தும்பு. கடைசியில் அவளுடைய தலையணையைத் தூக்கப் போனபோதுதான் அவள் குறுக்கே நின்றாள்.

"வையுங்கோ அதை. நான் ஒரு போர்வை தைச்சுத் தாறன். நாயில இரக்கப்பட்டில்லை, வீட்டில மிஞ்சினதைக் காப்பாத்த."

தையலில் அவள் கெட்டிக்காரி, அதை அவளைப் பிடிக்காதவர்களும் ஒத்துக்கொள்வார்கள். வெளிப்பக்கத்துக்குப் புருசனின் பழைய டெனிம் காற்சட்டை இரண்டு. பஞ்சு வைத்தால் பிய்த்து விழுங்கும், ஆகையால் உள்ளுக்கு மடிப்பு மடிப்பாய்ப் பழந்துணி. சாதாரண நூலை ஒரே கடியில் அறுத்துவிடும் என்று, மீன்காரர் தூண்டில் கட்டுகிற தங்கூசி நூல். பழந்துணிக்காக அலுமாரிக்கு மேலே இருந்த மூட்டையை இறக்கினாள். துணியென்றால் அவள் எறியமாட்டாள், தோய்த்துக் கட்டி வைத்துவிடுவாள். அதற்குள்ளே கபில நிறத்தில் தடித்த உட்பாவாடை ஒன்று கிடந்தது.

பதினெட்டு வருசத்துக்கு முதல், கட்டைபறிச்சானில் தாயைப் பார்க்கப் போன இடத்தில் ஷெல்லடி தொடங்கி, தாயும் தங்கச்சி சோபனாவும் அவளுமாய் நடந்து அகதி முகாமுக்குப் போனபோது உடுத்தியிருந்த பாவாடை. கையில் எடுத்ததுமே முகாம் கக்கூசின் நாற்றம் மூக்கில் ஏறியது. நாய்க்கு இது காணும் என்று நினைத்தாள். பாவாடையின் கீழ்க்கரை ஒரு பக்கம் வழமையிலும் தடிப்பு. கடிக்கிற சனியனுக்கு விளிம்பு தடிப்பாய் இருக்கட்டும் என்று, அதைப் பிரிக்காமல் அப்படியே போர்வையின் ஓரத்துக்கு வைத்துத் தைத்துவிட்டாள்.

கப்டன் போர்வையைச் சுற்றிச் சுற்றி மணந்து பார்த்தது. படுத்தது. நாலு நாள் நல்லபிள்ளையாய் இருந்தது.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலமை தேத்தண்ணி வைத்துக்கொண்டு நின்றவளுக்கு விறாந்தையில் கறுக்கு முறுக்கென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கப்டன் போர்வையின் ஓரத்தை நாராய்க் கிழித்து வைத்திருந்தது. பாய்ந்து பறித்தாள். கை முழுக்க வெதுவெதுவென்று வீணி. உதறினாள். துணிக்குள்ளிருந்து ஏதோ கீழே விழுந்து உருண்டது.

சிவப்புக்கல் தோடு. தாயின் தோடு.

கிழிந்த கரையைத் திருப்பிப் பார்த்தாள். பச்சை நூலால் தைத்த ஒட்டுத்துண்டு இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். நெருக்கமாய், கோணலாய், தாயின் கைத்தையல். ஒன்றுக்குள்ளிருந்துதான் இந்தத் தோடு விழுந்திருக்கிறது. மற்றதும் கிழிந்து வெறுமையாய்க் கிடந்தது. கப்டன் நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டு அவளைப் பார்த்தது.

நிரோஜினி நிலத்தில் இருந்துவிட்டாள். முகாமில் தண்ணி வரிசைக்குப் போய் வந்தபோது, "கரை அவிண்டு கிடந்தது, தைச்சு வைச்சனான்" என்று, அவள் தோய்த்துக் காயப்போட்டிருந்த அந்தப் பாவாடையைத் தாய் நீட்டினது ஞாபகம் வந்தது. சுற்றிவர ஆக்கள் இருந்தபடியால் வேறொன்றும் சொல்லவில்லையாக்கும். இரண்டாம் நாள் தாய்க்குக் காய்ச்சல் பிடித்துக் கதை தடுமாறியது. சோபனாவின் மடியில்தான் உயிர் போனது. குளிப்பாட்டும்போது பார்த்தால் காது வெறுங்காது.

அதற்குப்பிறகு நிரோஜினி ஒரு கணம் யோசிக்கவில்லை. முப்பத்தோராம் நாள் சடங்கில் சனத்துக்கு முன்னால் கையை நீட்டிச் சொன்னாள், "சவத்திட காதில கைவைச்சவள் இவள்." சோபனா, "எனக்குத் தெரியாது அக்கா" என்றதைத் தவிர வாய் திறக்கவில்லை. கலியாணம் பேசிவந்த இடங்களுக்கெல்லாம் அந்தக் கதை முந்திப் போனது. கடைசியில் அவளுடைய முப்பத்தாறாவது வயதில் சாம்பல்தீவில் ஒரு நல்ல மனுசன் அவளைக் கட்டினான். ஒருக்கா மீன் சந்தையில் எதிர்ப்பட்டபோது நிரோஜினி அவளுடைய காலடியில் காறித் துப்பினாள். இவ்வளவு காலமும் தோடு தன்னுடைய அலுமாரிக்கு மேலே கிடந்திருக்கிறது. கையில் நாயின் வீணி காய்ந்துகொண்டிருந்தது. எழும்பிக் கழுவவேணும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"ஒண்டு கிடைச்சிட்டுதுதானே, சோபனாட்டக் கொண்டுபோய்க் குடும்" என்றார் சோமசேகரம்.

"ஒண்டோட போனா, மற்றதை நான் வித்துப்போட்டன் எண்டுதான் அவள் நினைப்பாள்."

சொல்லி முடிந்த பிறகுதான் விளங்கியது. அப்படி நினைக்கிற ஆள் சோபனா இல்லை, தான்தான்.

மிருக வைத்தியர் நிப்றாஸ் கப்டனைப் படம் எடுத்துப் பார்த்தார். "வயித்துக்குள்ளதான் கிடக்கு. சின்னச் சாமான், தானா வெளிய வரும். பூசணிக்காயும் சோறும் குடுங்க. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தரமும் தவறவிடாமப் பாருங்க."

"என்னத்தைப் பாக்கிறது டொக்டர்?"

"போறதத்தான் அக்கா."

சோமசேகரம் தான் பார்க்கிறேன் என்றார். அவள் விடவில்லை. "நீங்கள் எட்டத்தில நிண்டு தடியால கிண்டித் தவறவிடுவியள்." சொப்பிங் பையைக் கைக்கு மாட்டி, சீலைத் தலைப்பால் மூக்கைக் கட்டி, மா அரிக்கிற அரிதட்டையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அந்த அரிதட்டை வேறொரு கை தொட்டாலே திட்டுகிறவள். முதல் நாள் டெனிம் தும்பும் செருப்பு றப்பரும் வந்தன. சூடும் நாற்றமும் பைக்குள்ளால் விரலில் ஏற, பலாமரத்தடியில் இரண்டு தரம் சத்தி எடுத்தாள். இரண்டாம் நாள் மழைத்தண்ணியோடு கரைந்து, பார்க்கச் சகிக்காத மஞ்சளாய்ப் போனது. ஈ மொய்த்தது. பூசணிக்காய் இனி இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று சத்தியம் செய்துகொண்டு, விரலால் பிசைந்து பிசைந்து பார்த்தாள். தேடுகிறதை விட்டுப்போட்டுக் கிடைத்ததையும் ஒளித்துவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. சீ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த வாளித் தண்ணியை ஊற்றினாள்.

மூன்றாம் நாள் காலமை அரிதட்டில் சிவப்பாய் ஒன்று மினுங்கியது.

சுடுதண்ணியில், சவுக்காரத்தில், புளியில், டெட்டோலில் என்று எட்டுத் தரம் கழுவினாள். மணந்து பார்த்தாள். பிறகும் கழுவினாள். இரண்டு தோட்டையும் லேஞ்சியில் முடிந்துகொண்டு சாம்பல்தீவுக்கு பஸ் ஏறினாள்.

சோபனா வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தமக்கையைக் கண்டு எழும்பவில்லை.

"இருங்கோ" என்றாள். முந்தி நீ, வா, போ என்று கதைத்தவள்.

நிரோஜினி இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பாவாடைக் கரை, பச்சை நூல், போர்வை, நாய், அரிதட்டு, ஒன்றும் விடவில்லை. "பிழை என்னிலதான். நான் சொன்னது முழுக்கப் பிழை. எல்லாருக்கும் நானே போய்ச் சொல்லுறன்" என்று லேஞ்சியை அவிழ்த்து நீட்டினாள்.

சோபனா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். தோடுகளைக் கனநேரம் பார்த்தாள்.

"இதில எது நாயிட வயித்துக்கால வந்தது?"

நிரோஜினி காட்டினாள்.

"அதைத் தாங்கோ."

"வேண்டாமடி, மற்றதை எடு. அது எத்தினை தரம் கழுவியும் எனக்கே தொட மனமில்லை."

சோபனா தன் காதில் கிடந்த கவரிங் தோட்டைக் கழற்றினாள். நாயின் வயிற்றால் வந்ததை எடுத்துப் போட்டு, சுரையை இறுக்கினாள்.

"நீங்கள் என்னைச் சொன்ன கதையை விட இது துப்பரவு, அக்கா" என்றாள். மற்றத் தோட்டைத் தமக்கையின் கையில் வைத்துவிட்டு, மீன் வெட்டப் போனாள்.