பக்கத்து மேசையில் அடித்த போன்

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கும் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இரண்டே பேர். பல வருடமாக நாற்காலியைத் தேய்ப்பவள் பெரியவள். போன மாதம் வந்தவள் சின்னவள். புது இன்டர்நெட் போன் யாருக்கு வந்தது? சின்னவளுக்கு. கலர் திரை, காதுக்கு மெத்தை வைத்த ஹெட்செட். பெரியவளுக்கு அதே ரகத்தில் மைக்கில் செல்லோடேப் சுற்றிய பழசு. அவளுக்கு வயிறு எரிந்தது.

சின்னவள் சாப்பிடப் போனதும், பெரியவள் இரண்டு போன்களையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினாள். வீட்டுப் பழைய போன்போல எண் சுவரோடு இருக்கும் என்பது அவள் கணக்கு. இந்த ரகம் எங்கே செருகினாலும் தன் எண்ணைக் கையோடு கொண்டுபோய்விடும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

திரும்பி வந்த சின்னவள் பழசைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தாள். பெரியவளுக்கு அது இன்னும் எரிச்சல்.

புதுசு அடித்தது. "அந்தச் சின்னப் பொண்ணு இல்லையா? அவங்கதான் பொறுமையா சொல்லுவாங்க," என்றார் ஒருவர். அடுத்தவரும் அதே பாட்டு. நல்ல ஹெட்செட், ஒரு சொல் தவறாமல் காதில் விழுந்தது.

பள்ளி விட்ட நேரம் பக்கத்து மேசையில் பழசு அடித்தது. பெரியவளின் மகள் தினமும் கூப்பிடும் நேரம் அது. சின்னவள் எடுத்தாள்.

"அம்மா லைன்ல இருக்காங்கடா. என்கிட்ட சொல்லேன்."

வீட்டில் 'ம்' என்பதற்குமேல் வாய் திறக்காத பெண் அங்கே பேசிக்கொண்டே போனாள். சின்னவள் சிரித்தாள், தலையாட்டினாள். பெரியவளின் காதில் யாரோ குழாய் ஒழுகுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார், வைக்க வழியில்லை.

"வேற லைன் வருதுடா, மிச்சத்தை அப்புறம் பாடு," என்று சின்னவள் வைத்தாள். "உங்க பொண்ணுதான்க்கா. பாட்டுப் போட்டியில சேர்த்திருக்காங்களாம்."

"அவ பாடுவாளா?"

சின்னவள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள்.

"என் போனைக் கொடு," என்றாள் பெரியவள்.

"பரவால்லக்கா, புதுசை நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு இது பழகிடுச்சு."

நல்ல மனதோடுதான் சொன்னாள். பெரியவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை. பழசைப் பிடுங்கி வந்து தன் மேசையில் செருகி, வீட்டுக்கு அடித்தாள்.

முதல் மணியிலேயே மகள் எடுத்தாள். "அக்கா, ஃப்ரீ ஆயிட்டீங்களா? மிச்சத்தைப் பாடட்டுமா?" என்றவள் பதிலுக்குக் காத்திராமல் பாட ஆரம்பித்தாள்.

பெரியவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பாட்டு நின்றுவிடும்.