பூட்டின் மூலநிரல்

"ஒரு நகல்கூட வைக்காம அழிச்சிட்டியாடா? நீயெல்லாம் மனுஷனா?"

"கத்தாதேக்கா, எதிர் ரூமுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! அவங்களாவது சிரிச்சுட்டுப் போகட்டும்!"

மாடிப்படி ஏறியதும் இடப்பக்க அறையில் அக்காவும் தம்பியும் இணையதளம் செய்து கொடுக்கிறார்கள். அக்கா வாடிக்கையாளர்களிடம் பேசுவாள். தம்பி நிரல், அதாவது கணினிக்கான கட்டளைகள், எழுதுவான். தெருவில் அவனுக்குப் பூட்டு என்று பெயர். குடிக்கிற தண்ணீர் பாட்டிலையே அலமாரியில் வைத்துப் பூட்டுகிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

பல் டாக்டருக்காக அவன் செய்த முன்பதிவுப் பக்கம் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அந்த மாதிரிப் பக்கத்தின் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாமே! எதிர் அறையில் இதே தொழில் செய்யும் பெண் சுட்டுவிடுவாள் என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நிரலைக் குழப்பிக் கொடுக்கும் ஒரு கருவியில் போட்டு எடுத்தான். நேரம், நோயாளி என்று அவன் வைத்திருந்த பெயர்களெல்லாம் ஒற்றை எழுத்துகளாகி, மொத்தமும் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டது. ஓடும், படிக்கத்தான் முடியாது. அத்தோடு விட்டிருந்தால் அவன் பூட்டு இல்லையே. குழப்புவதற்கு முன் எழுதிய மூலம் இருந்தால்தானே திருடுவார்கள் என்று அதையும் துடைத்துவிட்டான்.

இப்போது டாக்டர் அந்தப் பக்கத்தில் மதிய இடைவேளை நேரத்தை மாற்றச் சொல்கிறார். சாயங்காலத்துக்குள் முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம். அவரை விட்டால் இவர்களுக்கு வேறு வாடிக்கை இல்லை. அறையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

தம்பி திரையை வெறித்தான். தான் எழுதியதுதான், தலை எது வால் எது என்று பிடிபடவில்லை.

கதவருகே எதிர் அறைப் பெண் நின்றாள். "உங்க சண்டை கீழ தையல் கடைவரைக்கும் கேக்குது. அந்தப் பழைய நிரல்தானே? என்கிட்ட இருக்கு."

"திருடினீங்களா?"

"தொறந்து கிடந்துச்சு, படிக்க எடுத்து வெச்சேன். அழகா எழுதியிருந்தீங்க."

தம்பியின் காது சிவந்தது.

"ரெண்டு பிழை இருந்துச்சு. அதையும் சரி பண்ணிட்டேன்."

இப்போது முகம் முழுக்கச் சிவந்தது.

"தாயே, உள்ள வாம்மா!" என்றாள் அக்கா. "டேய், நாற்காலியத் துடைடா!"

"ஒரு கண்டிஷன். நிரலோட முதல் வரியில, எழுதினவங்க பேர் போடற இடத்துல, என் பேரும் இருக்கணும்."

"குழப்புற கருவி அந்த வரியைத் தூக்கிடுமே," என்றான் தம்பி, விடாமல்.

"மூலத்துல இருந்தா போதும். அதை நான் பத்திரமா வெச்சுக்கறேன்."

சாயங்காலத்துக்கு முன்பே இடைவேளை மாறியது. நிரலின் தலையில் ஏறிய அந்த இரண்டு பெயர்களும் பிறகு கல்யாணப் பத்திரிகையிலும் ஏறின. அக்கா சும்மா இருப்பாளா? பேசியே பல் டாக்டரின் தம்பியைக் கட்டிக்கொண்டு வேறு ஊர் போய்விட்டாள். பூட்டு இன்னமும் எல்லாவற்றையும் குழப்பித்தான் அனுப்புகிறான். மூலம் எங்கே இருக்கிறதென்று மட்டும் அவன் மனைவி சொல்வதில்லை; சொன்னால் பாதுகாப்புக்காக அழித்துவிடுவானாம்.